பிள்ளைக்குச் சத்துமாவு அரைக்க வரும் முன்பு

ஆலங்குளத்துக்கும் சுரண்டைக்கும் இடையில் ஒரு ஊரில் எங்களுக்கு மாவு மில் இருக்கிறது. மாமனார் போட்டது. நான் பாளையங்கோட்டையில் மனையியல் படித்துவிட்டு இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். வத்தல், மல்லி, புட்டு மாவு, இடியாப்ப மாவு என்று எது வந்தாலும் எடை போட்டு அரைத்துக் கொடுத்துவிடுவோம். ஆனால் 'பிள்ளைக்குச் சத்துமாவு' என்று ஒரு பை வந்தால், அதைப் பிரித்து, கையை அடிவரை விட்டு, ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்க்காமல் மிஷினில் கொட்ட விடமாட்டேன். சில அம்மாக்களுக்கு இது பிடிப்பதில்லை. ஏன் அப்படிச் செய்கிறேன், நீங்கள் வீட்டிலேயே என்னென்ன பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதை இங்கே விவரமாக எழுதுகிறேன்.

தானியமாக இருக்கும்வரை கெட்டதைக் கண்ணால் பார்த்து எடுத்துப் போடலாம். மாவாகிவிட்டால் முடியாது. ஒரு பிடி சொத்தை நிலக்கடலை 1 கிலோ மாவு முழுக்கக் கலந்து மறைந்துவிடும். நிறம் காட்டிக் கொடுக்காது, வறுத்த வாசனையில் மற்ற வாடையும் அமுங்கிவிடும். அதனால் முக்கியமான வேலையெல்லாம் மில்லுக்கு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பூசணம் சாகும், நஞ்சு சாகாது

"அக்கா, வறுத்துத்தான அரைக்கோம், கஞ்சியாக் காய்ச்சித்தான கொடுக்கோம். அதுல எல்லாம் செத்துப் போவும்லா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பூசணம் சூட்டில் செத்துவிடும், உண்மை. ஆனால் அது தானியத்தில் வளர்ந்த காலத்தில் விட்டுப் போன நஞ்சு அங்கேயே இருக்கும். அந்த நஞ்சுகளில் நாம் அதிகம் கவலைப்பட வேண்டியது அஃப்ளாடாக்ஸின். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற மஞ்சள் கலந்த பச்சைப் பூசணமும் அதன் இனமும்தான் இதைப் பெரும்பாலும் உண்டாக்குகின்றன. கஞ்சி கொதிப்பது 100 டிகிரியில். அஃப்ளாடாக்ஸின் சிதைவதற்கு 200 டிகிரிக்கும் மேலே நெடுநேரம் வேண்டும். சட்டியில் வறுக்கும்போது கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. குக்கரில் வைத்தாலும், இட்லிப் பானையில் அவித்தாலும், பாலைப் பொங்கக் காய்ச்சினாலும் இதே கதைதான்.

இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரிய வந்ததே 1960-ல் நடந்த சாவுகளால்தான். இங்கிலாந்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. காரணம் தேடிப் போனவர்கள், தீவனத்தில் சேர்த்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றார்கள். நம் நாட்டில் 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோர ஊர்களில், அறுவடை நேரத்து மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை வேறு வழியில்லாமல் சாப்பிட்ட ஏழை ஜனங்களில் 100 பேருக்கு மேல் மஞ்சள் காமாலையும் வயிறு வீக்கமும் வந்து இறந்துபோனார்கள். அந்த வீடுகளில் மிச்சச் சோற்றைத் தின்ற நாய்களுக்கும் அதே நோய் வந்தது. கென்யாவில் 2004-ல் இதேபோல மக்காச்சோளத்தால் 125 பேர் இறந்தார்கள்.

இவை ஒரேயடியாக நிறைய நஞ்சு உடம்பில் சேர்ந்ததால் வந்தவை. நம் வீடுகளில் நடக்கக்கூடியது வேறு: தினம் கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல் சேர்வது. அஃப்ளாடாக்ஸின் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஐயமில்லாமல் வகைப்படுத்தியிருக்கிறது.

பிள்ளைக்கு எடை குறைவு. ஆனால் உடம்பின் அளவுக்குப் பார்த்தால் பெரியவர்களைவிட அதிகம் சாப்பிடும். நாம் காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறோம். 8 மாதப் பிள்ளை மூன்று வேளையும் ஒரே டப்பா மாவில் காய்ச்சிய கூழைக் குடிக்கிறது. அந்த டப்பா கெட்டிருந்தால் அதற்குத் தப்பிக்க வழியில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின், டோகோ நாடுகளில் சின்னப் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். தாய்ப்பால் மறந்து மக்காச்சோளம், கடலை சேர்ந்த உணவுக்கு மாறிய பிள்ளைகளிடம் அஃப்ளாடாக்ஸின் கூடியிருந்தது. கூடிய பிள்ளைகள் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாமல் இருந்தார்கள். வளர்ச்சிக் குறைவுக்கு நஞ்சு மட்டும்தான் காரணம் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் பிள்ளை எடை ஏறவில்லை என்று இன்னும் இரண்டு கரண்டி மாவைக் கூட்டிக் கொடுப்பதற்கு முன்னால், அந்த மாவு எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள் என்பேன்.

இன்னொன்று, இதை நினைத்துப் பயந்து தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். தாய் சாப்பிடும் நஞ்சில் சிறு பங்கு பாலில் வரும் என்பது உண்மை. ஆனாலும் தாய்ப்பால்தான் பிள்ளைக்குப் பாதுகாப்பு. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பிறகு கூழோடு தாய்ப்பாலும். தாய் தன் தட்டில் சொத்தைக் கடலையும் பூசணம் பூத்த பண்டமும் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பதினாறு சாமான் தேவையில்லை

இப்போது செல்போனில் வருகிற பட்டியல்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. முந்திரி, பாதாம், பிஸ்தா, மக்காச்சோளம், வரகு, சாமை, தினை, கம்பு, சோயா, நிலக்கடலை, ஜவ்வரிசி என்று பதினாறு, இருபது சாமான். ஒவ்வொன்றும் 50 கிராம், 100 கிராமாகக் கடையில் பொட்டலம் போட்டு வாங்கியது. எது எத்தனை மாதமாக அங்கே கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? ஒன்று கெட்டிருந்தாலும் மொத்த மாவும் கெட்டது. என் கருத்து இது: நாலைந்து சாமான் போதும், ஒவ்வொன்றையும் நீங்களே கையால் பார்த்திருக்க வேண்டும். சத்து மாறி மாறிக் கிடைக்க அடுத்த தடவை வேறு நாலைந்து போடுங்கள். அப்படி மாற்றுவதில் இன்னொரு நன்மை, ஒரே தானியத்தில் வரக்கூடிய நஞ்சு தொடர்ந்து உடம்பில் சேராது.

என் பேத்திக்கு நான் அரைத்தது கேப்பை, புழுங்கலரிசி, பாசிப்பயறு, பொரிகடலை. சில சமயம் பொரிகடலைக்குப் பதில் தொலி உளுந்து. கேப்பை மணி சின்னது, சீக்கிரம் காயும், மற்றவற்றைவிட நாள்பட நிற்கும். ஈரம் பட்டால் அதுவும் பூக்கும்தான். ஆனால் மக்காச்சோளம், கடலை அளவுக்குப் பயமில்லை.

மக்காச்சோளத்தைக் கைக்குழந்தை மாவில் சேர்க்கவே வேண்டாம் என்பேன். சங்கரன்கோவில், திருவேங்கடம் பக்கம் கரிசலில் விளைகிற மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. தார்ரோட்டில் கொட்டிக் காயப்போடுவதைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். ராத்திரி பனியும் திடீர் மழையும் அதன்மேல்தான். 2018-ல் படைப்புழு நம் நாட்டுக்கு வந்தபிறகு கதிரைப் புழு துளைப்பதும் கூடிவிட்டது. புழு துளைத்த இடத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூசணம் ஏறும். அதிலிருந்து ஃபியூமோனிசின் என்ற வேறொரு நஞ்சு வரும். 1995-ல் தக்காணத்துச் சில ஊர்களில் மழையில் நனைந்த சோளத்தையும் மக்காச்சோளத்தையும் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுவலியும் பேதியும் வந்தது இதனால்தான்.

வரகையும் பிள்ளை மாவில் போட வேண்டாம். பூசணம் ஏறிய வரகு தலைசுற்றலும் வாந்தியும் மயக்கமும் கொடுக்கும். 'கிறுக்கு வரகு' என்று பழைய ஆட்கள் சொன்னது அதைத்தான். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் வரகுக் கொல்லையில் மேய்ந்த 10 யானைகள் செத்தன; அவற்றின் உடம்பில் சைக்ளோபியசோனிக் அமிலம் என்கிற பூசண நஞ்சு இருந்தது சோதனையில் தெரிந்தது. நல்ல வரகு நல்ல சாப்பாடுதான். பெரியவர்கள் சாப்பிடலாம், காய்ந்ததாகப் பார்த்து.

நிலக்கடலை விஷயத்தில் நான் கண்டிப்பு. சத்துமாவில் கடலையை அரைத்துச் சேர்க்காதீர்கள். எண்ணெய்ப் பண்டமானதால் மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், நஞ்சு ஏறுவதிலும் கடலைதான் முன்னால் நிற்கிறது. காய்க்கிற சமயத்தில் மழை பொய்த்து மண் காய்ந்தால், தரைக்குள்ளே இருக்கும்போதே காயில் பூசணம் ஏறிவிடும். பிறகு உடைப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று காய்மேல் தண்ணீர் தெளித்து உடைக்கிற பழக்கமும் இருக்கிறது. அந்த ஈரம் பருப்போடு சாக்குக்குள் போகிறது. பிள்ளைக்குக் கடலை கொடுக்க வேண்டுமென்றால் தொலியோடு காயாக வாங்கி, தேவைக்கு உடைத்து, பொறுக்கி, வறுத்து, அன்றைக்கே அம்மியில் மை போல அரைத்துக் கூழில் கரைத்துக் கொடுங்கள். முதல் தடவை நகக்கண் அளவு கொடுத்து ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். முழுக்கடலையை 5 வயது வரை கையில் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கிவிடும்.

சுளகில் போட்டுப் பொறுக்குவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய காப்பு. ஒரு மூட்டைக் கடலையில் நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவி இருக்காது. கொஞ்சம் பருப்பில்தான் குவிந்து கிடக்கும். அந்தக் கொஞ்சத்தை எடுத்துப் போட்டால் நஞ்சின் பெரும்பகுதி போய்விடும். இது தானியத்துக்கும் ஓரளவு பொருந்தும்.

பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள். டியூப்லைட் போதாது, பழுப்பும் பச்சையும் அதில் ஒன்றுபோலத் தெரியும். முதலில் சுளகில் போட்டுப் புடைத்தால் பொக்கும் தூசியும் முன்னால் வந்து விழும். எடை குறைந்த மணி என்றாலே உள்ளே எதுவோ தின்றிருக்கிறது என்று அர்த்தம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பாருங்கள். சுருங்கினது, நிறம் மாறினது, உடைந்தது, ஓட்டை விழுந்தது, முளைப்புக்கண் கறுத்தது, இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். பெரியவர்களுக்குச் சமைக்கும்போது உடைந்த பயற்றை விட்டுவிடலாம், பிள்ளைக்கு வேண்டாம். தொலி உடைந்த இடம்தான் பூசணத்துக்கு வாசல்.

நிலக்கடலைப் பருப்பானால் இன்னும் ஒரு படி. வறுத்துத் தொலியை ஊதியபிறகு இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்பக்கம் நடுக்குழியில் மஞ்சளோ, பழுப்போ, மெல்லிய நூல்போல வெள்ளையோ இருந்தால் எறிந்துவிடுங்கள். கடித்தால் கசக்கிற கடலையைத் துப்பிவிட வேண்டும் என்று ஆச்சிமார் சொல்வார்கள். அது சரியான புத்தி. ஆனால் கசக்காத கடலை எல்லாம் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, நஞ்சு தன் சுவையைக் காட்டாமலும் இருக்கும்.

பொறுக்கிய பிறகு தண்ணீரில் போட்டு மிதக்கிறதை வடித்துவிட்டு, இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். மேலே ஒட்டிய பூசணத் தூளும் மண்ணும் போகும். கழுவினால் காய வைத்தே ஆக வேண்டும்; அன்றைக்கு வெயில் இல்லையென்றால் கழுவுவதை வெயில் வரும் நாளுக்குத் தள்ளிப்போடுங்கள்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்

தட்டட்டியில் (மொட்டைமாடியில்) சுத்தமான பருத்தித் துணியோ தார்ப்பாயோ விரித்து மெல்லிசாகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் மேல்பக்கம் காய்ந்து அடிப்பக்கம் வேர்க்கும். அவ்வப்போது கையால் கிண்டிவிட வேண்டும். பொழுது சாயும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள். ராத்திரிப் பனி பகல் வெயிலைச் சாப்பிட்டுவிடும்.

பல்லில் வைத்துக் கடித்தால் மணி 'டக்'கென்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. இன்னும் உறுதியாகத் தெரிய ஒரு சோதனை இருக்கிறது. ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலை எடுத்து, அதில் கால் பங்குக்குத் தானியமும் ஒரு கரண்டி நன்றாகக் காய்ந்த தூள் உப்பும் போட்டு, மூடி, ஒரு நிமிடம் குலுக்குங்கள். 15 நிமிடம் அப்படியே வைத்துவிட்டுப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் தானியத்தில் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. இன்னும் காய வேண்டும். ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே. தானியமும் பயறும் 12, 13 சதவீதத்துக்கு வந்துவிட்டால் நாள்பட வைக்கலாம் என்பதால், உப்பு ஒட்டாத பிறகும் இன்னொரு நாள் வெயில் காட்டுங்கள். நிலக்கடலைப் பருப்புக்கு இந்தச் சோதனை போதாது. அதில் ஈரம் 7, 8 சதவீதத்துக்கு இறங்க வேண்டும்.

முளைகட்டிய சத்துமாவு நல்லதென்று எல்லோரும் செய்கிறார்கள். நல்லதுதான், பங்குனியிலும் சித்திரையிலும். ஆனியும் ஆடியும் சாரல் நம் பக்கம் அடிக்கும்போது, செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றே ஈரமாக இருக்கும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சுகம். முளைகட்டிய கேப்பைக்கு அந்தக் காற்று எமன். ஒரு நாளில் காய வேண்டியது மூன்று நாள் கிடக்கும், முளையைச் சுற்றி வெள்ளையாக நூல் பிடிக்கும். அதை உதறிவிட்டு அரைக்கக் கொண்டு வருவார்கள். நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், சண்டைக்கு வந்தாலும். சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் முளைகட்டாதீர்கள். முளைகட்டிய பயறு கொடுக்க ஆசைப்பட்டால் அன்றைக்கு முளைவிட்டதை அன்றைக்கே அவித்து மசித்துக் கொடுங்கள்.

நிறைய வேண்டுமென்றால் சித்திரை வெயிலில் தானியத்தைக் காயவைத்து, தானியமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அரைக்கலாம். மாவாக வைத்தால் ஈரம் இழுக்கும். தானியத்துக்குள் போடுகிற வேப்பிலையும் வத்தலும் வண்டை விரட்டும், பூசணத்தைத் தடுக்காது. ஆனால் வண்டு துளைத்த மணியில் பூசணம் எளிதாக ஏறும் என்பதால் அதற்கும் பயன் உண்டு. இலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பச்சை இலையைப் போட்டால் அதுவே ஈரம் விடும்.

மில்லுக்கு வரும்போது

ஒவ்வொன்றையும் தனித்தனியாக இளஞ்சூட்டில் வறுத்து, முழுக்க ஆறியபிறகு ஒன்றாகச் சேர்த்துக் கொண்டுவாருங்கள். சூட்டோடு பாலித்தீன் பையில் கட்டினால் பைக்குள் வேர்த்து வடியும்.

காலையில் முதல் ஆளாக வாருங்கள். பகலில் புட்டுக்கும் கொழுக்கட்டைக்கும் அதிரசத்துக்கும் ஊறவைத்த ஈர அரிசி வரும். அந்த மாவு மிஷின் இடுக்கிலும் மாவு விழுகிற துணிப்பையிலும் ஒட்டிக் காயாமல் நிற்கும். கழுவித் துடைக்காமல் விட்டால் அங்கே பூசணம் பிடிக்கும். எங்கள் மில்லில் ஈர அரிசிக்கு மிஷின் தனி, துணிப்பையும் தனி. வெயிலில் காய்ந்த பைதான் சத்துமாவுக்கு. எந்த மில்லானாலும் நீங்கள் தயங்காமல் கேட்கலாம்: "அண்ணாச்சி, பிள்ளைக்கு மாவு, இதுக்கு முன்னால என்ன அரைச்சிய?" ஒரு கைப்பிடி சொந்த அரிசியைக் கொண்டுவந்து முதலில் அதை ஓட்டி, அந்த மாவை ஒதுக்கிவிட்டுப் பிறகு உங்கள் சாமானைப் போடச் சொல்லுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அரைத்த மாவு கையில் பொறுக்காத சூடாக வரும். வீட்டுக்குப் போனதும் அகலமான தாம்பாளத்தில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, நன்றாக ஆறவிட்ட பிறகே டப்பாவில் அடையுங்கள். சூட்டு மாவை மூடி வைத்து, மறுவாரம் மூடியின் உள்பக்கம் கட்டி கட்டியாக ஒட்டியிருக்கிறதே என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர்.

ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் அரைக்க வேண்டாம். இரண்டு வாரத்தில் தீர்கிற அளவு. 'இவ்வளவு தூரம் வந்து அரைக் கிலோவா' என்று சொல்வார்கள். சின்னப் பை என்று நாங்கள் முகம் சுளிப்பதில்லை. டப்பாவைக் கழுவி வெயிலில் காயவைத்து எடுங்கள். காலியாகாத டப்பாவில் பழைய மாவின் மேலே புதிய மாவைக் கொட்டாதீர்கள், அடியில் கிடக்கிற பழையது ஒருநாளும் தீராது. தினசரி எடுக்கச் சின்ன டப்பா ஒன்று தனியாக வைத்துக்கொண்டால் பெரிய டப்பாவை அடிக்கடி திறக்க வேண்டாம். ஈரக் கரண்டி உள்ளே போகவே கூடாது. அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் வைக்காதீர்கள், கஞ்சி ஆவி முழுக்க அதற்குத்தான்.

மாவு கட்டி பிடித்தாலோ, வாடை மாறினாலோ, ஒரு ஓரத்தில் நிறம் மாறினாலோ அந்த இடத்தை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு மீதியைச் சலித்து எடுக்காதீர்கள். முழு டப்பாவும் போக வேண்டியதுதான். ரொட்டி, கொப்பரை, அத்திப்பழம், உலர்ந்த திராட்சை எல்லாவற்றுக்கும் பிள்ளை விஷயத்தில் இதே விதி. ஆப்பிளில் அழுகின இடத்தை வெட்டிவிட்டு மீதியைச் சாறு எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம். அழுகின ஆப்பிளில் பட்டுலின் என்ற நஞ்சு வரும்.

கடையில் பாக்கெட் வாங்குகிறவர்கள் உரிம எண்ணையும் தயாரித்த தேதியையும் பாருங்கள். மழைக்காலத்தில் புதிதாக வந்த பாக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள். 'வீட்டுத் தயாரிப்பு' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அந்த வீட்டில் யார் பொறுக்கினார்கள் என்பதுதான் முக்கியம். ஐரோப்பிய நாடுகளில் குழந்தை உணவு 1 கிலோவில் அஃப்ளாடாக்ஸின் பி1 என்ற வகை 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நம் நாட்டில் பொதுவாகத் தானியத்துக்கு எல்லா வகையும் சேர்த்து 15 மைக்ரோகிராம் வரை அனுமதி. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு என்று வந்த தானியத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது நாம் ஏன் கூடுதலாகப் பொறுக்க வேண்டும் என்பது இதிலேயே விளங்கும்.

உடம்புக்கு வந்தால்

கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது வெளியே தெரியாது. அதனால் அங்கன்வாடியில் மாதாமாதம் எடை, உயரம் பார்த்து அட்டையில் குறிப்பதை விட்டுவிடாதீர்கள். கோடு ஏறாமல் நின்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். காரணம் வேறாகவும் இருக்கலாம், மருத்துவர் பார்க்கட்டும். ஓயாத வாந்தி, கண் மஞ்சளிப்பது, மூத்திரம் அடர் நிறமாவது, வயிறு வீங்குவது, பிள்ளை துவண்டு தூங்கிக்கொண்டே இருப்பது, வெட்டு (வலிப்பு) இழுப்பது, இவற்றில் எது கண்டாலும் நாட்டு மருந்து, கைவைத்தியம் என்று நேரம் கடத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரி நமக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கிறது. போகும்போது பிள்ளை சாப்பிட்ட மாவில் ஒரு பிடியைப் பையில் கட்டி எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மஞ்சள் காமாலை பி தடுப்பூசியைக் கட்டாயம் போடுங்கள். அந்தக் கிருமியும் அஃப்ளாடாக்ஸினும் ஒரே உடம்பில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒன்று, பிறகு 6, 10, 14 வாரத்தில் ஐந்து நோய்த் தடுப்பூசியோடு சேர்த்து. அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது.

மாட்டுக்கும் போடாதீர்கள்

கெட்ட கடலையையும் பூத்த மாவையும் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. மாடு அதைத் தின்றால் ஒரு நாளுக்குள்ளேயே பாலில் வேறு வடிவில், அஃப்ளாடாக்ஸின் எம்1 என்ற பெயரில் வந்துவிடும். சொத்தைக் கடலையைச் செக்குக்குக் கொடுத்தாலும் அப்படித்தான். சுத்திகரிக்காத எண்ணெயில் கொஞ்சம் வரும், மீதி புண்ணாக்கில் தங்கும், புண்ணாக்கு மாட்டுக்கு, பால் பிள்ளைக்கு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது 5.7 சதவீதத்தில் இந்த எம்1 அளவுக்கு மீறி இருந்தது. அளவு மீறிய மாதிரிகள் அதிகம் கிடைத்தது தமிழ்நாட்டில். நம் வீட்டு மாட்டுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று நினைத்துத்தான் தொழுவத்தைப் பார்க்க வேண்டும்.

1 வயது வரை பசும்பாலைப் பிரதான உணவாகக் கொடுக்காதீர்கள். மாடு வைத்திருக்கிறவர்கள் புண்ணாக்கையும் பருத்திக்கொட்டையையும் தரையில் படாமல், சுவரில் சாயாமல் பலகைமேல் அடுக்குங்கள். மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேலே வாங்கி வைக்க வேண்டாம். உடைத்துப் பார்த்தால் உள்ளே பச்சையோ கறுப்போ ஓடியிருக்கிற புண்ணாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நனைந்து பூத்த வைக்கோலும் வேண்டாம். கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாளில் பால் தெளிந்துவிடும் என்பது ஒரு ஆறுதல்.

கோழிக்கும் வாத்துக்கும் போடாதீர்கள். வாத்துக்கு இந்த நஞ்சு கொஞ்சம் போதும், செத்துவிடும். பொறுக்கி ஒதுக்கியதை ஒரு காகிதத்தில் கட்டி, மாடும் கோழியும் கிளறாத இடத்தில் ஒரு முழம் குழி தோண்டி மண் போட்டு மூடுங்கள். கிணற்றடிப் பக்கம் வேண்டாம். பொறுக்கிய சுளகையும் உதறிக் கழுவி, வெயிலில் காயவைத்துவிட்டு அடுத்த தடவைக்கு எடுங்கள்.